முற்றத்தைத் தொடாத திருடன்

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குள் ஊர்த்தலைவர் பொனகேலேயின் வீட்டு ஜன்னலில் நான்காவது கல் விழுந்துவிட்டது. எறிந்தது யாரென்று துப்பறிய வேண்டியதில்லை. மாபெலேனி ஊரே எறிந்தது.

கான்ஸ்டபிள் லுங்கிசா பிக்கப் வண்டியை வேலியோரம் நிறுத்தி, உடைந்த கண்ணாடியைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"அக்கா, நாம மாட்டுத் திருடனைப் பிடிக்கிற பிரிவு. அதை வெளிய சொல்றதுக்கே எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப நோட்டுப் புத்தகத் திருடனைத் தேடி வந்திருக்கோம். அடுத்த வாரம் என்ன, பென்சில் திருடனா?"

"பென்சில் காணாமப் போனா முதல்ல உன் சட்டைப் பையைத்தான் பாப்பேன். இறங்கு," என்றாள் சார்ஜெண்ட் வுயோகாசி.

லுங்கிசா கிழக்கு லண்டன் என்ற துறைமுக நகரத்துப் பையன். அணிவகுப்பில் மேலதிகாரியின் தொப்பி காற்றில் பறந்தபோது சிரித்துத் தொலைத்தான். ஒரே வாரத்தில் இந்த மலைக்காட்டுக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். வந்த எட்டு மாதத்தில் அவன் கண்ட ஒரே அதிசயம் இந்த அம்மாள்தான். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, ஓயாத முழங்கால் வலி. ஆனால் குளம்புத் தடத்தைப் பார்த்து மாடு யாருடையது, ஓட்டிப் போனவன் எந்தக் காலை நொண்டினான் என்று சொல்லிவிடுவாள். அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதே லுங்கிசாவின் அன்றாடப் பொழுதுபோக்கு.

காணாமல் போனது சின்ன நோட்டுப் புத்தகம்தான். ஆனால் ஒரு மலையே அதை நம்பி இருந்தது. ஊர் மலையில் கல்குவாரி வைக்க ஒரு கம்பெனி கேட்டிருந்தது. இம்வானா நகராட்சி மன்றத்தின் காகிதக் கட்டில், 'மாபெலேனி மக்களின் சம்மதம்' என்ற தலைப்பில் அறுபத்திரண்டு கையெழுத்துகளின் நகல் இருந்தது. கையெழுத்துகள் அசல்தான். ஆனால் அவை போன வசந்தத்தில், மாடுகளை உண்ணி மருந்துத் தொட்டியில் முக்கியெடுத்த நாளில், தலைவரின் நோட்டில் ஊரார் போட்டவை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை மாடு என்றும் எழுதியிருந்தது. நகராட்சி ஆள் ஒருவர் அந்த நோட்டை ஒருநாள் இரவல் வாங்கிப் போய், மாட்டு வரிசையை மறைத்து நகல் எடுத்துவிட்டார்.

அசலைக் காட்டினால் குட்டு உடையும். இன்று மதியம் இரண்டு மணிக்கு மன்றம் கூடும்போது காட்டுவேன் என்று பொனகேலே ஊர் முன்னால் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ஊரே ஒரு சாவுக்குப் போயிருந்த நேரத்தில் நோட்டு மறைந்தது. உள்ளூர்க் காவல் நிலையத்தில் சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஊர் சிரிக்கவில்லை. தலைவர் விலைபோய்விட்டார் என்று முடிவு கட்டிக் கல்லை எடுத்தது. ஊரின் கல்லறைகள் எல்லாம் அந்த மலைச் சரிவில்தான் இருந்தன. பொனகேலேயின் மூத்த மகனும் அங்கேதான் படுத்திருந்தான்.

"வணக்கம், டோலோ," என்று குலப்பெயர் சொல்லிக் கைகூப்பினாள் வுயோகாசி.

பொனகேலே எழுபது வயதிலும் நிமிர்ந்து நிற்கிறவர். இன்று கைத்தடியில் சாய்ந்து நின்றார். "என் மாட்டைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தவ நீ. இப்ப என் மானத்தைக் கண்டுபிடிச்சுக் கொடும்மா. ரெண்டு மணிக்குள்ள."

வெள்ளிக்கிழமை இரவு பெய்த மழையில் குழைந்த மண், இரண்டு நாள் வெயிலில் தடங்களோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. ஒருபுறம் மாட்டுப் பட்டி, எதிரே வட்ட வீடுகள் வரிசையாக, நடுவில் முற்றம். வாசலிலிருந்து முற்றத்தைக் கடந்தால் இருபது தப்படியில் பெரிய வீடு. நோட்டு இருந்த பெட்டி அங்கேதான்.

லுங்கிசா குனிந்தவன் துள்ளி எழுந்தான். "அக்கா! பூட்ஸ்! நட்சத்திரம் போட்ட அடிப்பாகம். நகராட்சி வண்டி ஓட்டுறவங்களுக்குக் கொடுக்கிற பூட்ஸ். வாசல்ல இருந்து நேரா முற்றம், நேரா பெரிய வீடு. கேஸ் முடிஞ்சுது. டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

"இன்னொண்ணு இருக்கே," என்றாள் வுயோகாசி.

இருந்தது. தட்டையான ரப்பர் செருப்பு, சின்ன பாதம். அந்தத் தடம் வாசலில் நுழைந்ததும் இடதுபுறம் திரும்பியது. ஏழு வட்ட வீடுகளுக்கும் பின்னால், கற்றாழைப் புதரை உரசிக்கொண்டு, பன்றித் தொழுவத்துச் சேற்றில் கணுக்கால்வரை முங்கி, பெரிய வீட்டின் பின்பக்கமாகச் சுற்றிக் கதவுக்கு வந்தது. ஆள் நடந்து பல மாதமான வழி, இடுப்பளவு புல் மண்டியிருந்தது.

"ஊர்ல ஒரு ஈ காக்கா இல்ல. இருபது தப்படியில வேலை முடியும். இந்த ஆளு எதுக்கு ஊர்கோலம் போனாரு? உடம்பு இளைக்கவா?"

வுயோகாசி உள்ளே போனாள். சாணம் மெழுகிய தரை. தலைவர் வலது பக்கச் சுவரைக் காட்டினார். "பெட்டி எப்பவும் என் நாற்காலிக்குப் பின்னால, அங்கதான் இருக்கும். சாவி கூரைப் புல்லுல செருகியிருக்கும். வந்து பாத்தா பெட்டி இந்தப் பக்கம் இருக்கு, திறந்து கிடக்கு."

பெட்டி இடது சுவரோரம் இருந்தது. பூட்டு உடையவில்லை. தரையில் ஒரு நீளமான கீறல், வலமிருந்து இடமாக. கன்றுகளை இழுக்கும் வளைந்த கோல் கதவுக்குப் பின்னால் கிடந்தது. சேறு அப்பிய ரப்பர் செருப்பு இடது பக்கத்தில் மட்டுமே பதிந்திருந்தது. நடு அடுப்பைத் தாண்டி வலது பக்கம் ஒரு தடம்கூட இல்லை. பூட்ஸ் மட்டும் தோட்டத்தில் புகுந்த மாடு மாதிரி எங்கும் உழக்கியிருந்தது.

"பாருங்க, வெளிய இருநூறு தப்படி சுத்தி வர்றாரு," என்றான் லுங்கிசா. "உள்ள வந்தா நாலு தப்படி நடக்கச் சோம்பேறித்தனம். கோலைப் போட்டுப் பெட்டியை இழுக்குறாரு. இந்தத் திருடனுக்கு மூளையில ஏதோ கோளாறு. இல்லேன்னா..." குரலைத் தாழ்த்தினான். "சாவி இருக்கிற இடம் வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். ஊர் சொல்றது நெசமோ? இவரே நாடகம் ஆடுறாரோ?"

"கீறல் மேல என்ன இருக்குன்னு பாரு."

கீறலின் நடுவில் நட்சத்திர பூட்ஸின் குதிகால் அழுந்தியிருந்தது.

அப்போது தலைவரின் இளைய மருமகள் தேநீர்த் தட்டோடு வந்தாள். சமையல் வீட்டிலிருந்து நேராக முற்றத்தின் குறுக்கே நடந்து வந்தாள். வுயோகாசி தேநீரைப் பார்க்கவில்லை. அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டோலோ, சனிக்கிழமை உங்க மருமகளுங்க எங்க இருந்தாங்க?"

"சாவு வீட்டுல சமைச்சாங்க. ரெண்டு பேரும். விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் அண்டாவை விட்டு நகரலை. ஊரே சாட்சி."

வுயோகாசி தலையாட்டினாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்து மருமகளின் பின்னால் சமையல் வீட்டுக்குள் போனாள். ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது முகம் இருண்டிருந்தது. லுங்கிசா அவளை அப்படிப் பார்த்ததில்லை. செத்த மாடு கிடைத்தபோதுகூட அவள் அப்படி இருந்ததில்லை.

"வண்டியை எடு. நகராட்சி ஆபீஸ். டோலோ, நீங்களும் வாங்க."

போகிற வழியில் ஊர்க்காரர்கள் வேலியோரம் நின்று வண்டியை வெறித்தார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். பொனகேலே நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். லுங்கிசாவுக்கு அந்த நேரம் ஒரு கேலியும் தோன்றவில்லை, அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

நகராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில், மன்றத் தலைவர் சிதுமோவின் ஓட்டுநர் ம்சிமாசி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, எண்ணெய் சொட்டும் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தான். காலில் நட்சத்திர பூட்ஸ். லுங்கிசா கைவிலங்கைத் தடவிக்கொண்டான். வுயோகாசி அவன் பக்கத்தில் போய், தெரிந்தவனிடம் சுகம் விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"அவ்வளவு தூரம் போயும் பெட்டி காலியா இருந்துச்சாமே?"

"ஆமாக்கா, வெறும் காகிதம்தான்..." ம்சிமாசியின் வாய் நின்றது. பணியாரம் கையிலேயே இருந்தது.

"தின்னு, தின்னு. அப்புறம் வர்றேன்."

லுங்கிசா அவள் பின்னால் ஓடினான். "அக்கா, அவனே ஒத்துக்கிட்டான்! விட்டுட்டு வர்றீங்க?"

"எதை ஒத்துக்கிட்டான்? திருடப் போனதை. திருடினதை இல்ல. கீறல் மேல அவன் குதிகால் இருந்துச்சுல்ல? பெட்டியை இழுத்ததுக்கு அப்புறம்தான் அவன் வந்திருக்கான். அவனுக்கு முன்னாடி ஒரு ஆளு முந்திக்கிச்சு."

அலுவலகத்தின் கடைசி அறை பழைய பதிவேடுகள் இருக்கும் இடம். உள்ளே முப்பது வயதுப் பெண் ஒருத்தி அலமாரி ஏணியில் நின்று கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுத்தர் சுகிஸ்வா. தட்டையான ரப்பர் செருப்பு. கழுவியிருந்தாலும் தையலில் சேறு காய்ந்திருந்தது.

வுயோகாசி கதவைச் சாத்தினாள்.

"யாரும் பாக்கலையேம்மா. எதுக்கு சுத்திப் போன?"

சுகிஸ்வா ஏணியிலிருந்து இறங்கவில்லை. கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மறுக்கப் போகிறாள் என்று லுங்கிசா நினைத்தான்.

"போகத்தான் பாத்தேன், அக்கா," என்றாள். "முற்றத்துல கால் வைக்கப் போனேன். முடியல. மாட்டுப் பட்டியில அந்த வீட்டுல செத்துப்போன பெரியவங்க ஆவியா இருக்காங்க. மனுசங்க யாரும் பாக்கலைன்னாலும் அவங்க பாப்பாங்களே. என் கால் அதுவா திரும்பிடுச்சு."

லுங்கிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. புகுந்த வீட்டு மருமகள் பட்டிக்கு எதிரே உள்ள முற்றத்தை மிதிக்கக் கூடாது. வீட்டுக்குள் ஆண்கள் உட்காரும் வலது பக்கம் போகக் கூடாது. அவன் அம்மாகூட வருடத்துக்கு ஒருமுறை கிராமத்துக்குப் போகும்போது சுவரை ஒட்டியே நடப்பாள். அவன் அதைக் கிண்டல் செய்வான்.

"ஆனா அந்தப் பொண்ணு தேநீர்த் தட்டோட முற்றத்துல நடந்துச்சே?" என்றான்.

"அதைத்தான் சமையல் வீட்டுல கேட்டேன்," என்றாள் வுயோகாசி. "போன வருஷம் மாமனார் பீர் காய்ச்சிப் படைச்சு, பெரியவங்ககிட்ட சொல்லி, மருமகளுங்க ரெண்டு பேருக்கும் முற்றத்தைத் திறந்து விட்டாராம். அதனாலதான் பின்வழியில புல்லு மண்டிக் கிடக்கு. இன்னும் திறந்து விடாத மருமக ஒருத்தி இருந்தாத்தான் அந்த வழியா போவா. மூத்தவன் பொண்டாட்டி யாருன்னு கேட்டதும் அந்தப் பொண்ணு அழுதுட்டா. இவ இங்க எழுத்தரா இருக்கிறதையும் அவதான் சொன்னா."

சுகிஸ்வா ஏணியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி, அக்கா. அவர் செத்து அப்ப நாலு மாசம்தான். ஒரு வருஷத் துக்கத்துக்கான கறுப்புத் துணியில இருந்தேன். நான்தான் அவரைத் தின்னுட்டேன், சூனியக்காரின்னு ஊர் முன்னால சொல்லி மாமனார் விரட்டினாரு. கறுப்போட பஸ் ஏறினேன். பஸ்ல யாரும் பக்கத்துல உக்காரல." மூக்கைத் துடைத்தாள். "வெள்ளிக்கிழமை மன்றத் தலைவர் அறையில பேசிக்கிட்டாங்க. 'நாளைக்கு ஊரே சாவுல இருக்கும், ம்சிமாசி போய் எடுத்துட்டு வந்துருவான்'னு. மாமனாருக்கு போன் போட்டேன். என் குரல் கேட்டதும் வச்சுட்டாரு. ரெண்டு தடவை. அதான் நானே போனேன். அந்த மலையில என் புருசன் இருக்காரு, அக்கா. அவரைத் தோண்டிப் போட விடுவேனா?"

"நோட்டு எங்கம்மா?"

அவள் லுங்கிசாவின் தலைக்கு மேலே கைகாட்டினாள். மேல்தட்டில் தூசி படிந்த கட்டு ஒன்று, 'பழைய உண்ணி மருந்துக் கணக்கு' என்று எழுதியிருந்தது.

லுங்கிசா வாயைப் பிளந்தான். "சிதுமோ ஊரெல்லாம் ஆள் விட்டுத் தேடுறான். அவன் ஆபீஸ் அலமாரியிலயே வச்சிருக்கீங்களே! உங்களுக்கு நான் சல்யூட் அடிக்கணும்."

"அடிச்சு என்ன ஆகப் போகுது? நான் கொண்டு போய்க் கொடுத்தா, எழுத்தர் திருடித் திருத்தி எழுதின நோட்டுன்னு சொல்லித் தூக்கிப் போடுவாங்க. திருட்டுப் போன நோட்டை மன்றம் வாங்காது, விதி இருக்கு. வீட்டுல இருந்து வீட்டு ஆள் கொண்டு வந்தாத்தான் செல்லும். நான் அந்த வீட்டு ஆள் இல்லையே. ஊரறியச் சொன்னாரே." கொஞ்சம் தயங்கினாள். "பெட்டியில இன்னொரு காகிதமும் பாத்தேன், அக்கா. அதை எடுக்கல. அவருக்குத் தெரியும், அது என்னன்னு."

மணி ஒன்றரை.

வுயோகாசி தனியாகப் போய்ப் பிக்கப்பில் ஏறிப் பொனகேலேயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். லுங்கிசா வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தான். முதலில் கிழவர் கையை ஓங்கினார். "அவளா? அவ கை பட்ட நோட்டு எனக்கு வேண்டாம்!" என்ற குரல் வெளியே கேட்டது. வுயோகாசி சத்தம் போடவில்லை. நீளமாக ஏதோ சொன்னாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தார்.

"என்ன கேட்டீங்க?" என்றான் லுங்கிசா, அவள் இறங்கியதும்.

"பெட்டியில இருக்கிற இன்னொரு காகிதம் என்னன்னு."

"சொன்னாரா?"

"இல்ல. அவரு வாயைத் திறப்பாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியல, தம்பி. திறக்கலேன்னா மலை போச்சு."

இரண்டு மணிக்கு மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. மாபெலேனி மக்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு பின் வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பொனகேலே நுழைந்தபோது யாரும் எழுந்து நிற்கவில்லை. அவருக்குப் பின்னால், மூன்று தப்படி தள்ளி, சுகிஸ்வா நோட்டோடு வந்தாள். கூடத்தில் ஒரு முனகல் ஓடியது. "அந்தச் சூனியக்காரி," என்றது ஒரு குரல்.

மன்றத் தலைவர் சிதுமோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நிதானமான ஆள். குரல் தேனாக இருந்தது.

"ஐயா, நோட்டு திருடு போச்சுன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க? இப்ப நம்ம ஆபீஸ் எழுத்தர் கையில இருக்கு. வெளியாள் கைக்குப் போய் வந்த நோட்டை மன்றம் எப்படிய்யா வாங்கும்? நீங்களே சொல்லுங்க, இந்தப் பொண்ணு யாரு?"

பொனகேலே கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னால் ஊர் முன்னால் அவர் பேசிய பழைய பேச்சு பொய்யாகும். சொல்லாவிட்டால் மகன் படுத்த மண் லாரியில் ஏறும்.

"நோட்டு வெளியாள் கைக்குப் போகல," என்றார் பொனகேலே. "என் மூத்த மருமக கையில இருந்துச்சு. நோபந்து. கல்யாணமாகி வந்தப்ப நான் வச்ச பேரு அது."

கூடம் கொதித்தது. அவர் கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"பேசி முடிச்சிடுறேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி, இவ என் மகனைத் தின்னுட்டான்னு உங்க முன்னால சொன்னேன். பொய். சுரங்கத்துத் தூசி நுரையீரல்ல ஏறிச் செத்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் அன்னிக்கே என் கையில இருந்துச்சு. பெட்டியில வச்சுப் பூட்டினேன். பிள்ளையைச் சுரங்கத்துக்கு அனுப்பினது நான். அந்தப் பழியை யார் தலையிலயாவது போடணும்னு இருந்துச்சு, இவ தலையில போட்டேன். சனிக்கிழமை வீட்டுல ஒருத்தரும் இல்லாத நேரத்துல வந்திருக்கா. பன்றிச் சேத்துல இறங்கிச் சுத்திப் போயிருக்கா. முற்றத்தை மிதிக்கல. மருமக இல்லாத ஒருத்தி அப்படிப் போவாளா? ஐயா மன்றத் தலைவரே, உங்க ஓட்டுநர் போன வழியையும் சொல்லட்டுமா?"

சிதுமோவின் கண்ணாடி மறுபடி துடைக்கப்பட வேண்டியதாயிற்று.

நோட்டு மேசைக்குப் போனது. உறுப்பினர் ஒருவர் வாய்விட்டுப் படித்தார். ஒரு பெயர், பதினோரு மாடு. அடுத்த பெயர், நான்கு மாடு, ஒரு கன்று. "குவாரிக்குக் கன்னுக்குட்டி எதுக்கு சம்மதம் கொடுத்துச்சு?" என்று லுங்கிசா முணுமுணுத்தது முன் வரிசைவரை கேட்டுவிட்டது. அரைமணி நேரத்தில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. நகல் எடுத்தவர்கள் மேல் விசாரணை என்று குறிப்பும் எழுதினார்கள். ம்சிமாசியைத் தேடியபோது அவன் வாளி மட்டும் இருந்தது.

வெளியே வெயிலில் ஊர்க்காரர்கள் பொனகேலேயைச் சூழ்ந்துகொண்டார்கள். கல்லெறிந்தவர்களே கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சுகிஸ்வாவின் பக்கம் யாரும் போகவில்லை. அவள் கைப்பையில் மேசையிலிருந்த தன் கோப்பையையும் சால்வையையும் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். நாளை அவளுக்கு இங்கே நாற்காலி இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

பொனகேலே கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார்.

"வீட்டுக்கு வாம்மா. இந்த வாரமே பீர் காய்ச்சி உனக்கும் முற்றத்தைத் திறந்து விட்டுடுறேன்."

அவள் திரும்பினாள். பார்வையைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் குரல் தாழவில்லை.

"மிச்சம் எட்டு மாசக் கறுப்பையும் எங்கம்மா வீட்டுல உடுத்தி முடிச்சேன், மாமா. உங்க வீட்டுக்குச் செய்ய வேண்டியது எதையும் நான் பாக்கி வைக்கல. என்னைக் கூப்பிடணும்னா ரோட்டுல நின்னு கூப்பிடாதீங்க. முறையோட எங்கப்பா வாசலுக்கு வாங்க. இங்க சொன்னதை அங்கயும் சொல்லுங்க. என் அண்ணன்மாருங்க தப்புக்கு எத்தனை மாடு கேக்குறாங்களோ, கேக்கட்டும்."

"வந்தா வருவியா?"

"தெரியல, மாமா," என்றாள். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டாள்.

கிழவர் பேருந்து கிளப்பிய தூசி அடங்கும்வரை நின்றார். பிறகு பிக்கப்பின் பின்புறத்தை மெல்லச் சுற்றி வந்து, பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்த வண்டியில ஒரு பசு ஏறுமா?"

லுங்கிசாவின் நாக்கில் ஒரு கேலி தயாராக வந்து நின்றது. வுயோகாசி அவனைப் பார்த்தாள். அவன் அதை விழுங்கிவிட்டுப் பின்கதவின் கொக்கியைக் கழற்றினான்.

"ரெண்டா ஏத்துங்க, ஐயா," என்றான். "ஒண்ணு பத்தாது."